குளித்தும் போகாதது



நமது மருத்துவக் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் ஒரு வகை மட்டும் முகவரி இல்லாமல் வரும். சர்க்கரை, மூட்டுவலி, தூக்கமின்மை பற்றிக் கேட்பவர்கள் பெயர், ஊர், பின்கோடு எல்லாம் எழுதி, தபால்தலை ஒட்டிய கவரும் வைத்து அனுப்புவார்கள். உடம்பு நாற்றத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் 'ஒரு வாசகி' என்று முடித்துவிடுவார்கள். சிலர் ஊர்ப் பெயரை எழுதிவிட்டுப் பிறகு பேனாவால் அடித்திருப்பார்கள். பதில் அனுப்ப வழியில்லை என்பதால்தான் இந்த மாதப் பக்கத்தை அவர்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

சமீபத்தில் வந்த கடிதம் நான்கு பக்கம். எழுதியவர் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கும் பெண். காலையில் ஒரு குளியல், இரவில் ஒன்று. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் பாதி நேரம் கழிவறையில் ஜாக்கெட் மாற்றுவதில் போய்விடும். கடையில் எந்த ஃபேன் எந்தப் பக்கம் காற்றைத் தள்ளும் என்பது அவருக்கு மனப்பாடம். எதிரில் உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர் மேல் காற்று போகாத இடமாகப் பார்த்து நின்றுதான் சேலையை விரிப்பாராம். ஷேர் ஆட்டோவில் ஓரத்து இடம் கிடைக்காவிட்டால் அடுத்த வண்டி. ஹாஸ்டலில் ஒருநாள் யாரோ அவர் தலையணை மேல் புது சோப்புக்கட்டி ஒன்றை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். "நான் போடுறதும் அதே சோப்புதான் மேடம்" என்று எழுதியிருக்கிறார்.

சோப்பு வைத்தவரைப் பொல்லாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். நமக்கும் அதேதான் தெரியும். 'நல்லா தேய்ச்சுக் குளி', 'பவுடர் போடு', 'பாசிப்பயறு மாவும் கஸ்தூரி மஞ்சளும் பூசு' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். (நம் இதழின் பின்னட்டையிலும் பவுடர் விளம்பரம் வருகிறது என்பதை மறந்துவிட்டு எழுதவில்லை.) ஆனால் இந்தக் கடிதங்களை எழுதுகிறவர்கள் நம்மைவிட அதிகமாகக் குளிக்கிறவர்கள். அவர்களிடம் சுத்தத்தைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை.

வியர்வைக்கு என்று தனியாகப் பெரிய மணம் கிடையாது. அக்குளிலும் தொடை இடுக்கிலும் இருக்கும் ஒருவகைச் சுரப்பிகளிலிருந்து கொழுப்பும் புரதமும் கலந்த வியர்வை வருகிறது. தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை உடைக்கும்போதுதான் வாடை கிளம்புகிறது. இது குளியலுக்கும் டியோடரன்ட்டுக்கும் பெரும்பாலும் கட்டுப்படும். கட்டுப்படாத வகை ஒன்று உண்டு. அது தோலில் உண்டாவதில்லை. ரத்தத்தில் கலந்து வியர்வை, மூச்சு, சிறுநீர் மூன்றிலும் வெளியேறுகிறது. அதற்கு 'ட்ரைமெத்திலமினூரியா' என்று பெயர். வாய்க்குள் நுழையாத பெயர்தான். ஆனால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், டாக்டரிடம் சொல்ல வேண்டியிருக்கும்.

நடப்பது இதுதான். முட்டை மஞ்சள் கரு, ஈரல், சோயா, கடலை வகைகள் போன்றவற்றில் கோலின் என்ற சத்து இருக்கிறது. உடம்புக்கு அவசியமான சத்து. கோலினில் ஒரு பகுதியைக் குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் ட்ரைமெத்திலமின் என்ற வாயுப் பொருளாக மாற்றுகின்றன. கடல் மீனிலும் இறாலிலும் உள்ள வேறொரு பொருளிலிருந்தும் இதே வாயு உண்டாகும். அழுகிய மீனின் வாடை என்று நாம் சொல்வது இதைத்தான். இது எல்லோர் குடலிலும் தினமும் உண்டாகிறது. கல்லீரலில் எஃப்.எம்.ஓ.3 என்ற நொதி ஒன்று இருந்து, இந்த வாயுவை வாடையில்லாத பொருளாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. சிலருக்கு அந்த நொதி பிறவியிலேயே சரியாக வேலை செய்யாது. அவ்வளவுதான் நோய். மனித மூக்கு இந்த வாயு விஷயத்தில் மகா கூர்மையானது. காற்றில் மிக மிகச் சிறிய அளவு கலந்திருந்தாலே கண்டுபிடித்துவிடும்.

மருத்துவ உலகம் இதை நோயாகப் பதிவு செய்தது 1970-இல்தான். ஒரு சிறுமியைப் பற்றி 'லான்செட்' இதழில் வந்த குறிப்பு அது. எந்த மரபணுவில் கோளாறு என்பது 1997-இல் தெரிந்தது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால்தான் நோய் முழுதாக வெளிப்படும். பெற்றோர் இருவருக்கும் எந்த வாடையும் இல்லாமலே இருக்கலாம். இப்படி இருபக்கமும் கூடி வரும் கோளாறுகளுக்குச் சொந்தத்தில் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று முடிச்சுப் போடும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருப்பதால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. நோய் அரிதானதுதான். அரிது என்பதற்காக நம் ஊரில் இல்லை என்று ஆகிவிடாது.

இதில் ஒரு சங்கடம், வாடை எப்போதும் இருக்காது. வரும், போகும். பூப்பெய்தும் வயதில் கூடும், மாதவிலக்கை ஒட்டிக் கூடும், மாதவிலக்கு நிற்கும் காலத்தில் கூடும், பதற்றத்தில் வியர்க்கும்போது கூடும். எல்லோருக்கும் மீன் வாடைதான் என்றும் இல்லை. குப்பை, சாக்கடை, மலம் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். டாக்டரைப் பார்க்கப் போகிற அன்று ஒன்றுமே இருக்காது. அவர் மூக்கை நம்பி, "உங்க மேல ஒண்ணும் வரலையேம்மா, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று அனுப்பிவிடுவார். அதற்குப் பிறகு அவர்கள் அடுத்த டாக்டரிடம் போவதில்லை.

நம் மூக்கு நம் வாடைக்குப் பழகிவிடும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. பாதிக்கப்பட்டவர்களில் பலருக்குத் தங்கள் வாடை தெரியாது. பக்கத்தில் இருப்பவர் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

மச்சகந்தி கதை நமக்கெல்லாம் தெரியும். யமுனையில் ஓடம் தள்ளிய செம்படவப் பெண், உடம்பெல்லாம் மீன் வாடை. பராசர முனிவர் வரம் கொடுத்து, ஒரு யோசனை தூரம் மணக்கும் பரிமளகந்தி ஆனாள். பிறகு சந்தனு ராஜா அந்த மணத்தைத் தேடி வந்தான். எனக்கு அந்தக் கதையில் உறுத்துவது, வாடை போன பிறகுதான் அவளுக்கு ராஜா கிடைத்தான் என்பது. இன்றும் அப்படித்தான் நடந்துகொள்கிறோம். 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுவிட்டு அரசுப் பேருந்தில் ஏறிய வயதான அம்மாவை வாடை வருகிறது என்று இறக்கிவிட்டார்கள். முதல்வர் கண்டித்தார், மூன்று ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த அம்மாவுக்கு இருந்தது நோய் இல்லை, உழைப்பின் வாடை. வீட்டுக்குப் போய்க் குளித்தால் போய்விடும். போகாதவர்களை நாம் பேருந்திலிருந்து இறக்குவதில்லை, அவர்களே இறங்கிப் போகும்படி செய்துவிடுகிறோம்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் சோதனை. சிறுநீரில் அந்த வாயுப் பொருளும் அதன் வாடையற்ற வடிவமும் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று பார்ப்பார்கள். கடல் மீன் சாப்பிடச் சொல்லியோ, கோலின் கொடுத்தோ அதன்பின் சிறுநீர் எடுப்பதும் உண்டு. தெருமுனை லேபில் இது கிடைக்காது. மரபணுப் பிரிவோ வளர்சிதை மாற்ற நோய்ப் பிரிவோ உள்ள பெரிய மருத்துவமனையில் கேட்க வேண்டும். மரபணுப் பரிசோதனையாகவும் செய்யலாம்.

சோப்பு விஷயத்தில் நம் சமையலறைக்கே விடை தெரியும். மீன் கழுவிய கை வாடையைச் சோப்பு போட்டுப் பார்த்து, போகாமல், கடைசியில் புளியையோ எலுமிச்சம்பழத் தோலையோ தேய்த்துப் போக்குவோம் இல்லையா? அந்த வாயு காரத் தன்மை உள்ளது. புளிப்பு பட்டால் உப்பாக மாறி, காற்றில் கிளம்பாமல் தண்ணீரோடு போய்விடும். சாதாரணக் கட்டி சோப்பு எல்லாம் காரம், அதனால்தான் எத்தனை முறை தேய்த்தாலும் பலனில்லை. இவர்களுக்கு டாக்டர்கள் சொல்வது 5.5 முதல் 6.5 வரை பி.எச். அளவுள்ள, லேசான அமிலத் தன்மை கொண்ட சோப்பு. மருந்துக் கடையில் அட்டையைப் பார்த்தே வாங்கலாம். எலுமிச்சம்பழத்தை நேராக உடம்பில் தேய்த்துவிட்டு வெயிலில் போகாதீர்கள், தோல் கருத்துப் புண்ணாகிவிடும்.

சாப்பாட்டில் முதலில் குறைக்க வேண்டியவை கடல் மீன், இறால், நண்டு, கணவாய், கருவாடு, ஈரல், முட்டை மஞ்சள் கரு. அதன்பின் சோயா, வேர்க்கடலை, கொண்டைக்கடலை, பட்டாணி. முட்டைக்கோஸ், காலிஃபிளவர் வகையும் சிலருக்கு ஆகாது. ஆற்று மீன், குளத்து மீன் சாப்பிடுவதில் அவ்வளவு சிக்கல் இல்லை. விராலும் கெண்டையும் கிடைக்கிற ஊர்க்காரர்கள் மீனையே விட்டுவிட வேண்டியதில்லை. எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திப் பட்டினி கிடப்பதும் தப்பு. கோலின் இல்லாமல் உடம்பு இயங்காது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் இந்தப் பத்தியத்தில் தாங்களாக இறங்கவே கூடாது.

பி2 வைட்டமின் மாத்திரை, அந்த நொதி கொஞ்சமாவது வேலை செய்கிறவர்களுக்கு உதவலாம். ஆக்டிவேட்டட் சார்கோல் என்ற கரி மாத்திரையும் குளோரோஃபிலின் மாத்திரையும் வாடையைக் குறைத்ததாக ஜப்பானில் நடந்த ஒரு சிறிய ஆய்வு சொல்கிறது. கரி மாத்திரை மற்ற மருந்துகளையும் சேர்த்து உறிஞ்சிவிடும் என்பதால் தைராய்டு, வலிப்பு மாத்திரைகள் எடுப்பவர்கள் கேட்காமல் தொடாதீர்கள். குடல் பாக்டீரியாக்களைக் குறைக்கச் சில நாட்களுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பதும் உண்டு. வயிற்றுப்போக்குக்கு நாமே கடையில் கேட்டு வாங்கும் மெட்ரோனிடசோல்தான் அதில் ஒன்று. பெயர் தெரிந்த மருந்தாயிற்றே என்று வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

மேலே சொன்ன சிறுநீர்ச் சோதனையில் 'இல்லை' என்று வருகிறவர்களே அதிகம். அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தில் ஜார்ஜ் ப்ரெட்டி என்ற வேதியியல் அறிஞர் வாழ்நாள் முழுக்க மனித உடலின் மணத்தையே ஆராய்ந்தவர். காரணம் தெரியாத வாடை என்று வந்த 350-க்கும் மேற்பட்டவர்களை அவர் குழு சோதித்தது. 2011-இல் வெளியான முடிவின்படி மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான் இந்த நோய். மற்றவர்களுக்கு வேறெங்காவது தேட வேண்டும். ஈறு, டான்சில் கல், சைனஸ், கால் பாதத்தில் குழி குழியாக வரும் பாக்டீரியாத் தொற்று, அக்குள் முடியில் படியும் தொற்று, கட்டுப்படாத சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல் என்று பல இடங்கள். குழந்தைக்குத் திடீரென்று உடம்பெல்லாம் நாற்றம் என்றால் மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்வார்கள். பாசிமணியோ பஞ்சோ மாட்டிக்கொண்டிருக்கும். சர்க்கரைக்கென்று தினமும் வெந்தயம் சாப்பிடுகிறவர்கள் தங்கள் வியர்வையில் வெந்தய வாசம் வருவதைக் கவனித்திருப்பீர்கள். அது நோயே அல்ல.

இன்னொரு கூட்டமும் உண்டு. வாடை எதுவும் இல்லாதபோதும், இருக்கிறது என்று உறுதியாக நம்பி ஒடுங்கிப் போகிறவர்கள். யாராவது தும்மினால், ஜன்னலைத் திறந்தால், மூக்கைச் சொறிந்தால் தங்களால்தான் என்று நினைப்பார்கள். இதையும் உலக சுகாதார நிறுவனம் தனி நோயாக ஏற்றிருக்கிறது, இதற்கும் மனநல மருத்துவத்தில் சிகிச்சை இருக்கிறது. ஆனால் சோதனை எதுவும் செய்யாமல் எடுத்த எடுப்பில் 'மனப்பிரமை' என்று முத்திரை குத்துவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உண்மையிலேயே வாடை இருந்தவர்கள்கூட வருடக்கணக்காகக் கேலிபட்டால் தும்மலுக்கெல்லாம் பயந்துதான் போவார்கள். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: வாடை வருகிறதா என்று அவர்கள் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். 'அதெல்லாம் ஒண்ணுமில்ல' என்ற ஆறுதல் அவர்களுக்கு உதவாது. அம்மாவோ அக்காவோ ஒருவர், நம்பிக் கேட்கக்கூடிய ஆளாக இருந்தால் போதும். கூட வேலை செய்கிறவர்கள் சொல்ல நினைத்தால் தனியாகக் கூப்பிட்டு ஒரு முறை சொல்லுங்கள். தலையணை மேல் சோப்பு வைக்காதீர்கள்.

கடிதம் எழுதிய சகோதரிக்கும் முகவரி இல்லாமல் எழுதிய மற்றவர்களுக்கும்: முதலில் ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள், பல் மருத்துவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போகும் முன் ஒரு மாதத்துக்கு நோட்டில் குறித்து வாருங்கள். என்ன சாப்பிட்டீர்கள், மாதவிலக்குத் தேதி, எந்த நாளில் மற்றவர்கள் வாடை என்று சொன்னார்கள், உடம்பில் எங்கே என்று எழுதுங்கள். அதோடு இந்தப் பக்கத்தையும் கிழித்து எடுத்துக்கொண்டு போய், ட்ரைமெத்திலமினூரியா இருக்குமா என்று கேளுங்கள். டாக்டர் சிரித்தால் வேறு டாக்டரிடம் போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்