உஸ்மான் ரோட்டைத் தாண்ட என்னதான் வழி? மேலே பாலமா, தரையில் வெள்ளைக்கோடா? தி.நகரில் ஓயாத வாக்குவாதம்

சென்னை தியாகராயநகருக்கு ஜவுளி எடுக்க வருகிறவர்களுக்கு மூன்று கவலை. முதல் கவலை பணம். இரண்டாவது கவலை ஜேப்படி ஆசாமிகள். மூன்றாவது கவலை, ரோட்டைத் தாண்டுவது. முதல் இரண்டுக்கும் மடியை இறுக்கிக் கட்டிக்கொண்டால் ஓரளவு சமாளிக்கலாம். மூன்றாவதற்கு ஒரு வழியும் இல்லை.

மாம்பலம் ரெயில் நிலையத்தில் இறங்கி, ரங்கநாதன் தெருவில் முண்டியடித்து வெளியே வந்தால் எதிரே தெற்கு உஸ்மான் ரோடு. பனகல் பார்க் பக்கமோ, பாண்டி பஜார் பக்கமோ போக வேண்டுமானால் இந்த ரோட்டைத் தாண்டித்தான் ஆகணும். ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் இரண்டு பை. பஸ் வருகிறது, ஆட்டோ வருகிறது, நடுவிலே மோட்டார் சைக்கிள் நுழைகிறது. கையைக் காட்டிக்கொண்டே ஒருவர் முதலில் இறங்குவார். அவர் பின்னாலேயே முப்பது பேர் திமுதிமு என்று இறங்குவார்கள். இதுதான் இங்கே நடைமுறையில் இருக்கும் "சிக்னல்"!

தரையிலேயே விளக்குடன் முறையான கடவை போட்டு, ஜனங்களை நிம்மதியாகப் போகவிடு என்பது ஒரு கட்சி. "அதான் ஆகாயத்துல பாலம் கட்டிக் குடுத்தாச்சே, ஏறிப் போகட்டுமே" என்பது எதிர்க்கட்சி. "விளக்கும் வேணாம், கோடும் வேணாம், வண்டி நின்னா வியாபாரம் படுத்துடும்" என்பது மூன்றாவது கட்சி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

28 கோடி ரூபாய் பாலம்

மாம்பலம் ரெயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதையை 2023-ம் ஆண்டு மே 16-ந்தேதி முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். நீளம் 570 மீட்டர். அகலம் 4.2 மீட்டர். செலவு 28 கோடியே 45 லட்சம் ரூபாய். லிப்ட் உண்டு, நகரும் படிக்கட்டும் உண்டு.

நல்ல காரியம்தான், குறை சொல்வதற்கில்லை. ரெயிலில் இறங்கி நேராகப் பஸ் பிடிக்கப் போகிறவருக்கு இது வரப்பிரசாதம். கீழே நெரிசலில் நசுங்காமல், மழையில் சேறு மிதிக்காமல் போய்விடலாம்.

ஆனால் ரங்கநாதன் தெரு முனையில் நின்றுகொண்டு எதிர்ச்சாரிக் கடைக்குப் போக நினைக்கிறவருக்கு இந்தப் பாலத்தால் என்ன லாபம்? அது ரெயிலில் இருந்து பஸ்சுக்கு மாறுகிறவருக்காகப் போட்ட பாதை. கடைக்குக் கடை தாவுகிற ஜனங்களுக்காகப் போட்டது அல்ல. எதிரே தெரிகிற கடைக்குப் போக, பஸ் நிலையம் வரை சுற்றி வா என்றால் யார் கேட்பார்கள்?

"சரி, அந்த முனையிலேயும் ஒரு சின்ன பாலம் போட்டுட்டா?" என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பஸ், லாரி தலையில் இடிக்காமல் போக வேண்டுமானால் ரோட்டுக்கு மேலே ஐந்தரை மீட்டர் இடைவெளி விடணும். பாலத்தின் கனத்தையும் சேர்த்தால் ஆறு மீட்டர். ஒரு படிக்கு 15 சென்டிமீட்டர் என்றால் ஏறுவதற்கு 40 படி, இறங்குவதற்கு 40 படி. ஆக மொத்தம் 80 படி! ஐம்பது அடி அகல ரோட்டைத் தாண்டுவதற்கு இத்தனை பாடு. முட்டி வலிக்காரப் பாட்டி ஏறுவாரா? மாசமான பெண் ஏறுவாரா? லிப்ட் வைத்தாலும் தீபாவளி நேரத்துக் கூட்டத்துக்கு அது எந்த மூலைக்கு?

இந்திய சாலைகள் காங்கிரஸ் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. கட்சி அல்ல, ரோடு எப்படிப் போட வேண்டும் என்று விதி எழுதுகிற என்ஜினீயர்கள் சபை. நடந்து போகிறவர்களுக்கான அவர்களுடைய விதிப்புத்தகத்திலேயே முதல் மரியாதை தரைமட்டக் கடவைக்குத்தான். பாலமும் சுரங்கப்பாதையும் வேறு வழியில்லாத இடத்துக்கு.

வண்டி ஏறட்டுமே!

இதே உஸ்மான் ரோட்டில் 2025-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந்தேதி இன்னொரு திறப்பு விழா நடந்தது. தெற்கு உஸ்மான் ரோட்டையும் சி.ஐ.டி. நகர் முதல் மெயின் ரோட்டையும் இணைக்கும் இரும்பு மேம்பாலம். 1.2 கிலோமீட்டர் நீளம். ஜெ.அன்பழகன் பெயர் வைத்திருக்கிறார்கள். 164 கோடியே 92 லட்சம் ரூபாய் செலவு.

தி.நகரில் வேலை இல்லாமல் சும்மா கடந்து போகிற வண்டிகள் மேலே ஏறிப் போகட்டும் என்றுதானே இந்தப் பாலம்? அப்படியானால் கீழே இருக்கிற ரோடு யாருக்கு? கடைக்கு வருகிறவனுக்கு. கடைக்கு வருகிறவன் எங்கே வந்து இறங்கினாலும் கடைசியில் கால்நடையாகத்தான் கடைக்குள் நுழைகிறான். காரோடு யாரும் ஜவுளிக்கடை மாடிக்குப் போனதாகச் சரித்திரம் இல்லை.

பெட்ரோல் குடித்து ஓடுகிற வண்டிக்கு மேடு ஏறுவது கஷ்டமா, சோறு தின்று நடக்கிற மனுஷனுக்குக் கஷ்டமா? இத்தனை கோடி செலவழித்து வண்டியை மேலே ஏற்றிய பிறகும், மனுஷனையும் மேலே ஏறு என்று சொன்னால் கீழே ரோடு எதற்கு இருக்கிறது?

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மேம்பாலத்தில் இருந்து இறங்குகிற வண்டி, இறங்கின வேகத்திலேயே வரும். கடவை போடுகிறவர்கள் பாலம் இறங்குகிற வாயிலில் கொண்டுபோய்ப் போட்டுவிடக்கூடாது. அது ஆளைக் காப்பாற்றாது, ஆளைக் கொல்லும்.

கடைக்காரர்கள் பயம்

கடைக்காரர்கள் பயத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. சிக்னல் வைத்தால் வண்டி தேங்கும், சரக்கு இறக்க முடியாது, கார்க்காரன் வேறு பேட்டைக்குப் போய்விடுவான் என்பது அவர்கள் வாதம். கடவை வாயில் அகலமாக இருந்தால் நடைபாதைக் கடைகள் அங்கேயே முளைத்துவிடும் என்றும் பயப்படுகிறார்கள். அதற்கு 2014-ம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. எங்கே கடை போடலாம், எங்கே கூடாது என்று குறித்துக் கொடுக்க வேண்டியது நிர்வாகம். குறித்துக் கொடுக்காமல் விட்டுவிட்டுப் பிறகு தள்ளுவண்டிக்காரன் மேல் பழி போடுவது நியாயமில்லை.

வண்டி தேங்கும் என்கிறார்களே, அதையும் பார்ப்போம். 50 அடி என்றால் 15 மீட்டர். சாதாரணமாக நடக்கிறவர் ஒரு வினாடிக்கு 1.2 மீட்டர் போவார். 12, 13 வினாடியில் அக்கரை. வயதானவர்களையும் குழந்தைகளையும் சேர்த்து 20 வினாடி கொடுக்கலாம். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை 20 வினாடி என்றால், வண்டிக்காரன் இழப்பது ஆறில் ஒரு பங்கு நேரம். மீதி ஐந்து பங்கும் அவனுக்குத்தான்.

இப்போது மட்டும் வண்டி நிற்காமலா போகிறது? கூட்டம் இறங்குகிறபோதெல்லாம் நிற்கிறது. நாலு பேர் இறங்கினாலும் நிற்கிறது, நாற்பது பேர் இறங்கினாலும் நிற்கிறது. பிரேக் போட்டு, ஹாரன் அடித்து, ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொண்டு நிற்கிறது. கணக்கு இல்லாமல் நிற்பதைக் கணக்கோடு நிற்க வைப்பதுதான் சிக்னல்.

பக்கத்திலேயே பாண்டி பஜார் இருக்கிறது. சவுந்தரபாண்டியன் பஜார் என்பது சுருங்கி வந்த பெயர். தியாகராயா ரோட்டில் நடைபாதையை அகலப்படுத்தி, வண்டிக்கு இடத்தைக் குறைக்கப் போகிறோம் என்று மாநகராட்சி சொன்னபோதும் இதே பயம்தான். சுமார் 40 கோடி ரூபாய் செலவில் முடித்து 2019 நவம்பரில் திறந்தார்கள். இன்றைக்கும் அங்கே வியாபாரம் நடக்கிறது. ஜனங்கள் குடும்பத்தோடு நடக்கிறார்கள், திண்ணை மாதிரி உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். நடைபாதை மேலேயே ஸ்கூட்டரை ஏற்றி நிறுத்துகிற மகராசன்களும் இருக்கிறார்கள். கல் பதித்தால் மட்டும் போதாது, கண்டிக்க ஆள் வேணும் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

போலீஸ் காகிதத்தில் ஒரு வரி

விபத்துச் செய்தி எழுதுகிறவர்களுக்கு ஒரு வாசகம் மனப்பாடம். "சாலையைக் கடக்க முயன்றபோது". போலீஸ் தகவலிலும் இதுதான் வரும், பத்திரிகையிலும் இதுதான் வரும். ஆள் செத்த பிறகும் "முயன்றார்" என்று அவர் மேலேயே லேசாக ஒரு பழி. வண்டிக்காரன் நிற்க முயன்றானா என்று எந்தச் செய்தியிலும் வருவதில்லை.

இது வெறும் வார்த்தை விளையாட்டு அல்ல. பணத்தில் கை வைக்கிற விவகாரம். விபத்து நஷ்டஈடு வழக்கு வரும்போது இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று: "கடக்கிற இடத்திலா கடந்தார்?" இல்லை என்று ஆனால், அடிபட்டவர் மேலேயும் கவனக்குறைவு என்று சொல்லி நஷ்டஈட்டில் ஒரு பங்கைக் குறைக்கப் பார்ப்பார்கள். கண்ணுக்கு எட்டின தூரத்தில் கடக்கிற இடமே இல்லாத ரோட்டில், அந்த மனுஷன் எங்கே போய்க் கடப்பான்? செத்தவன் குடும்பத்துக்கு அந்த வெள்ளைக்கோடுதான் சாட்சி. கோடு இருந்தால் தப்பு வண்டிக்காரன் பக்கம். கோடு இல்லையென்றால் இழுபறி.

இடித்துவிட்டு நிற்காமல் ஓடிப்போன வண்டி என்றால் இன்னும் பரிதாபம். உயிர் போனால் இரண்டு லட்சம், பலத்த காயம் என்றால் 50 ஆயிரம் என்று 2022 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் மத்திய அரசுத் திட்டம் சொல்கிறது. அவ்வளவுதான் கணக்கு.

2022-ல் நாடு முழுவதும் ரோடு விபத்தில் செத்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். இதில் நடந்து போனவர்கள் மட்டும் 32 ஆயிரத்து 825 பேர். ஐந்து பேருக்கு ஒருவர்! வண்டியே ஓட்டாதவர்கள் இவர்கள்.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நடைபாதையில் பயமில்லாமல் நடப்பது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தருகிற உயிர் வாழும் உரிமையில் சேர்ந்தது என்று சொல்லிவிட்டது. சென்னை மாநகராட்சியும் 2014-லேயே, நடக்கிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும்தான் முன்னுரிமை என்று கொள்கை வகுத்தது. காகிதத்தில் குறையே இல்லை.

வெறும் பெயிண்ட் போதுமா?

போதாது. இதில் கடவை வேணும் என்கிறவர்களும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். வரிக்குதிரைக் கோட்டை 1951-ல் இங்கிலாந்தில் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார்கள். அங்கே கோட்டில் கால் வைத்தால் வண்டி நிற்கும். இங்கேயும் சட்டம் அதேதான். விளக்கு இல்லாத கடவையில் ஆள் கால் வைத்தால் டிரைவர் நின்று வழிவிட வேண்டும். நிற்கிறவர் எத்தனை பேர் என்று வாசகர்களுக்கே தெரியும்.

ஆகவே இந்த இடத்துக்கு வெறும் கோடு பிரயோஜனப்படாது. விளக்கு வேணும். ரோட்டு நடுவில் பத்து இருபது பேர் ஒதுங்கி நிற்க மேடை வேணும். அப்போதுதான் இரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில் ஓடித் தாண்ட வேண்டிய அவசியம் இருக்காது. கடவை இருக்கிற இடத்தை ரோட்டில் இருந்து கொஞ்சம் உயர்த்திக் கட்டினால் வேகத்தடை மாதிரி வேலை செய்யும், போலீஸ்காரர் இல்லாத நேரத்திலும் வண்டி தானாகவே தணியும். மணிக்கு 50 கிலோமீட்டரில் வருகிற மோட்டார் சைக்கிள் ஒரு வினாடியில் 14 மீட்டர் பாய்கிறது. அவன் ஆளைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்த 14 மீட்டர் முடிந்துவிடும். 30-ல் வந்தால் 8 மீட்டர்தான். உயிருக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் இருக்கிற தூரம் அது.

கடவைக்கு முன்னால் ஆட்டோவோ காரோ நிறுத்த விடவே கூடாது. நிற்கிற வண்டி மறைத்து, ஓடுகிற வண்டிக்கு ஆள் தெரியாமல் போவதுதான் பல சாவுக்குக் காரணம். வெள்ளைக்கோட்டைத் தாண்டி நின்றால் 500 ரூபாய் அபராதம் என்று இருக்கிறது. தி.நகரில் கேமராவுக்கும் பஞ்சம் இல்லை. ஜேப்படிக்காரனைப் பிடிக்க வைத்த கேமராவை இதற்கும் திருப்பினால் என்ன?

இன்னொன்று. நெருக்கியடித்து ரோட்டோரம் காத்து நிற்கிற கூட்டம்தான் ஜேப்படிக்காரனுக்கும் செயின் அறுக்கிறவனுக்கும் வசதி. எல்லாருடைய கண்ணும் வண்டி மேலே, கை குழந்தை மேலே. பையைக் கவனிக்க யாரும் இல்லை. ஜனங்களை ஒழுங்காக நகர்த்தி விட்டாலே அவன் பிழைப்பில் பாதி போச்சு.

கோடு போட வேண்டியது மாநகராட்சி. விளக்கை ஓட்டவும் அபராதம் போடவும் போக்குவரத்துப் போலீஸ். இவர்கள் அவர்களையும், அவர்கள் இவர்களையும் கை காட்டிக்கொண்டிருக்கிற வரையில் பைல் நகராது. தீபாவளிக் கூட்டம் தொடங்கின பிறகு அங்கே மண்வெட்டி போட முடியாது. செய்வதானால் அதற்கு முன்னாலேயே செய்தாக வேண்டும்.

அதுவரையில் உஸ்மான் ரோட்டைத் தாண்டுகிறவர்கள் முதலில் வலது பக்கம் பாருங்கள், வண்டி அங்கிருந்துதான் வரும். குழந்தையை இடது கையில் பிடித்துக்கொள்ளுங்கள். நடு ரோட்டை எட்டியதும் பார்வையை இடது பக்கம் திருப்புங்கள். குழந்தையை வலது கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

- நமது நிருபர்