ஊர்ப்பெயர் உள்ள பதிவேடு

தஞ்சாவூரின் அருங்காட்சியகங்களில் பெரும்பாலானவை ஒரே மதிலுக்குள் அடங்கிவிடுகின்றன. நாயக்கர் எழுப்பி மராத்தியர் விரிவாக்கிய அரண்மனையில், 1951இல் தொடங்கிய கலைக்கூடம் இருக்கிறது. அதை ஒட்டி, 1918இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட சரசுவதி மகால் நூலகமும் அதன் சிறு காட்சிக்கூடமும், மராத்தியர் தர்பாரும், மணிக்கோபுரமும் உள்ளன. தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கிய திமிங்கிலம் ஒன்றின் எலும்புக்கூடும் இங்கேதான் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் சோழர் செப்புத் திருமேனிகளைக் கடந்து நேரே அதனிடம் போய் நிற்பதில் வியப்பில்லை. மதிலுக்கு வெளியே, 1995 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி எழுந்த மணிமண்டபத்தில் மாநிலத் தொல்லியல் துறையின் இராசராசன் அகழ்வைப்பகம் இயங்குகிறது; தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கும் தனி அருங்காட்சியகம் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 2.2 லட்சம் பேர் வாழும் நகரத்துக்கு இது குறைந்த எண்ணிக்கை இல்லை.

தலைநகரத்து அருங்காட்சியகத்துக்கும் இத்தகைய நடுத்தர நகரத்துக் கூடத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடு, பொருள்கள் எங்கிருந்து வந்தன என்பதில் இருக்கிறது. 1851இல் தோன்றிய சென்னை அருங்காட்சியகம் ஒரு மாகாணம் முழுவதிலுமிருந்து பொருள் சேர்த்தது. அமராவதிச் சிற்பங்கள் வரை அங்கே போய்ச் சேர்ந்தன. தஞ்சைக் கலைக்கூடத்துப் பொருள்களோ பெரும்பாலும் ஒரு பகல் பேருந்துப் பயணத்தில் போய்வரக்கூடிய ஊர்களிலிருந்து வந்தவை. அந்த ஊர்கள் இன்றும் இருக்கின்றன. பல ஊர்களில் அந்தத் திருமேனி எழுந்தருளியிருந்த கோயிலும் நிற்கிறது, பூசையும் நடக்கிறது. ஆகவே பொருளை அதன் ஊரோடு பிணைத்து வைத்திருக்கும் பதிவுதான் இத்தகைய கூடத்தின் முதன்மையான உடைமை. காட்சிப்பெட்டி, விளக்கு, தொடுதிரை எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

இதற்குத் திருவெண்காடு நல்ல சான்று. அங்கே மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த சோழர் செப்புத் திருமேனிகளில் ரிஷபவாகன தேவர், அவருடன் நிற்கும் தேவி, கல்யாணசுந்தரர், பிட்சாடனர், கண்ணப்பர் ஆகியோர் தஞ்சையில் இருக்கிறார்கள். அதே ஊரின் அர்த்தநாரீசுவரர் சென்னையில் இருக்கிறார். ரிஷபவாகனர் பாம்பையே தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு, வலக்கையை எதன்மீதோ ஊன்றுவதுபோல் ஒயிலாக நிற்கிறார். ஊன்றுவதற்கு அங்கே இருந்த காளை இன்று இல்லை. அதைச் சொல்லாத விளக்கச்சீட்டு, அந்தக் கை ஏன் அந்தரத்தில் நிற்கிறது என்ற கேள்வியோடு பார்வையாளரை அனுப்பிவிடும்.

இந்தத் திருமேனிக்கு ஆண்டு தெரியும் என்பது இன்னும் முக்கியம். முதலாம் இராசராசனின் 26ஆம் ஆட்சியாண்டாகிய 1011இல் இது வழங்கப்பட்டதையும், அடுத்த ஆண்டு தேவியின் திருமேனி சேர்க்கப்பட்டதையும் திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டுகள் கூறுகின்றன. சோழர் செப்புத் திருமேனிகளில் இப்படி ஆண்டு உறுதியாகத் தெரிந்தவை மிகச் சில. ஆண்டு தெரியாத ஏராளமான திருமேனிகளுக்குக் காலம் கணிக்க அறிஞர்கள் இவற்றையே அளவுகோலாகக் கொள்கிறார்கள். ஆனால் சான்று கோயில் சுவரில் இருக்கிறது, பொருள் அரண்மனையில் இருக்கிறது. இரண்டையும் இணைப்பது பதிவேட்டில் எழுதப்பட்ட ஊர்ப்பெயர் ஒன்றுதான். கண்டெடுத்த நாளில் அது எழுதப்படாமல் போயிருந்தால், இன்று அது அழகான, ஆனால் தோராயமாக 11ஆம் நூற்றாண்டு என்று மட்டும் சொல்லத்தக்க ஒரு சிலையாகவே நின்றிருக்கும்.

புதையலாகக் கிடைக்கும் திருமேனிகள் அருங்காட்சியகத்துக்கு வரும் வழியை வகுத்தது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதை மண்ணில் கண்டெடுத்தாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. நடைமுறையில் செய்தி கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து வட்டாட்சியருக்கும் அவரிடமிருந்து ஆட்சியருக்கும் போகிறது. இந்தக் கடிதக் கோப்பில்தான் புல எண், தோண்டிய ஆழம், உடன் கிடைத்த பானை, விளக்கு, மணி பற்றிய விவரங்கள் இருக்கும். திருமேனி கூடத்துக்கு வந்ததும் கோப்பு கருவூலத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ தங்கிவிடுவது வழக்கம். கோப்பின் நகல் ஒன்றும் பொருளோடு வந்து சேர வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது காப்பாட்சியரின் வேலை.

பதிவேட்டில் எழுதியதும் காலப்போக்கில் பொய்த்துப்போகிறது. 1950களில் எழுதிய பதிவில் திருவெண்காடு தஞ்சாவூர் மாவட்டம். அன்று அது சரி. 1991இல் நாகப்பட்டினம் தனி மாவட்டமானது, 1997இல் திருவாரூர், 2020இல் மயிலாடுதுறை. இன்று திருவெண்காடு மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. திருவெண்காட்டை யாரும் தேடிக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் ‘மங்கலம்’ என்றும் ‘நல்லூர்’ என்றும் முடியும் சிற்றூர்களில் ஒரே பெயர் காவிரிப் படுகையில் பலமுறை வரும். பழைய பதிவை அடித்துத் திருத்தாமல், பக்கத்தில் இன்றைய மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமம், கோயிலின் பெயர், அட்சரேகை தீர்க்கரேகை ஆகியவற்றைச் சேர்த்து எழுதுவதே முறை. பழைய பதிவும் ஓர் ஆவணம்.

பதிவு இல்லாமையின் விலையைச் சிலைத் திருட்டு வழக்குகள் காட்டியிருக்கின்றன. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் திருடப்பட்ட நடராசரும் விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரரும் 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்தபோது, அவை எந்தக் கோயிலைச் சேர்ந்தவை என்பதை நிறுவப் பெரிதும் உதவியவை புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படங்கள். அந்தப் படங்களை எடுத்தவர்கள் திருட்டை நினைத்து எடுக்கவில்லை, ஆய்வுக்காக எடுத்தார்கள். முன்புறம், பின்புறம், பீடம், எழுத்துப் பொறிப்பு, பழுது என ஒவ்வொரு திருமேனிக்கும் அளவுகோல் வைத்து எடுத்த படத்தொகுதி இல்லாத கூடம், பூட்டையும் காவலரையும் மட்டுமே நம்பியிருக்கிறது.

பொருளை அதன் ஊரோடு பிணைப்பது கல் சிற்பங்களுக்கும் பொருந்தும். தாராசுரத்திலிருந்து வந்த கஜசம்ஹாரமூர்த்தி தஞ்சைக் கூடத்தின் சிறந்த சிற்பங்களில் ஒன்று. தாராசுரம் கோயில் 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்க்கப்பட்டது. அங்கே போகிறவருக்குச் சில சிற்பங்கள் தஞ்சையில் இருப்பதும், தஞ்சைக்கு வருகிறவருக்கு அவற்றின் கோயில் முப்பத்தைந்து கிலோமீட்டர் தொலைவில் நிற்பதும் சொல்லப்பட வேண்டும். இரண்டு பலகைகளின் செலவுதான்.

பாதுகாப்பில் செம்புக்குப் பெரும் பகை குளோரைடு. நூற்றாண்டுகள் மண்ணில் கிடந்த திருமேனி அந்த உப்பை உள்ளே வைத்துக்கொண்டே வெளியே வருகிறது. காற்றின் ஈரம் ஏறும்போது வெளிர்பச்சைப் பொடியாக அது வெளிப்படும். பழைய செப்பின்மேல் உறுதியாகப் படிந்த கரும்பச்சைப் படலம் திருமேனியைக் காக்கும். தொட்டால் உதிரும் வெளிர்பச்சைப் பொடி அதைத் தின்னும். புதிதாக வந்த பணியாளருக்கு முதலில் இந்த வேறுபாட்டைக் காட்டித்தர வேண்டும். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கும் வழக்கம் கோயிலில் இருக்கலாம், கூடத்தில் கூடாது. சிகிச்சைக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை: சென்னை அருங்காட்சியகத்தில் 1930இல் எஸ். பரமசிவன் தொடங்கிய வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் நாட்டிலேயே இந்த வகையில் முன்னோடி. தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களின் பூச்சையும் வண்ணத்தையும் ஆராய்ந்தவரும் அவரே. ஆனால் நோயுள்ள திருமேனியை வண்டி ஏற்றி அனுப்பும்வரை அதைக் காப்பது உள்ளூர்க் கூடத்தின் பொறுப்பு. திறந்த வளைவுகள் கொண்ட அரண்மனை மண்டபத்தில் ஈரத்தைக் கட்டுப்படுத்த முடியாது. காற்றுப் புகாத பெட்டிக்குள் சிலிகா ஜெல் வைத்துக் கட்டுப்படுத்த முடியும். ஒரு பெட்டிக்கு ஒரு ஈரமானி போதும். அதன் அளவைத் தினமும் எழுதிவைக்க ஓர் ஆள் வேண்டும்.

கூடத்தில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். சுவாமிமலையில் தெய்வத் திருமேனிகளை மெழுகில் வடித்து, காவிரி வண்டல் மண் பூசி, உலோகத்தை உருக்கி ஊற்றும் தொழில் இன்றும் நடக்கிறது. சோழர் திருமேனிகளைப் பார்த்து வியக்கும் பார்வையாளருக்கு அவை எப்படிச் செய்யப்பட்டன என்று காட்டும் ஒரு மெழுகுருவும் ஒரு மண் அச்சும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

நிர்வாகப் பிரிவினை எளிதில் தீராது. ஒரே அரண்மனை வளாகத்தில் பகுதிகளுக்குத் தனித்தனி நிர்வாகம், தனித்தனிப் பதிவேடு. நிர்வாகத்தை ஒன்றாக்குவது அரசின் முடிவு. பதிவேடுகளை ஒரே அமைப்பில் எழுதுவதற்கு யாருடைய ஆணையும் தேவையில்லை. காப்பாட்சியர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும்.

ஆண்டு இருப்புச் சரிபார்ப்பில் பதிவு எண்ணும் எண்ணிக்கையும் ஒத்துப்போனதோடு பணி முடிந்துவிடுகிறது. அடுத்த சரிபார்ப்பில் இன்னொரு பட்டியலையும் எடுக்க வேண்டும்: ஊர்ப்பெயர் இல்லாத பொருள்கள் எவை, எந்தக் கோப்பில் அந்தப் பெயர் கிடைக்கும். வட்டாட்சியர் அலுவலகங்களில் பழைய கோப்புகள் கழிக்கப்படுவதற்கு முன் அந்தப் பட்டியலோடு காப்பாட்சியர்கள் அங்கே போக வேண்டும்.