பிள்ளை நொண்டினால் ‘வளர்ற வயசு’ என்று விட்டுவிடாதீர்கள்

“ஓடி விளையாடுற பிள்ளைக்குக் கால் நோகும்தானே.” விட்பியில் நம்மவர் வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் எலும்புக்குள் கிருமி தங்கிவிட்ட ஒருசில பிள்ளைகளுக்கு, அந்தப் பேச்சே பல வாரத் தாமதமாகிவிடுகிறது.

எலும்பில் தொற்று என்றால் கடுங்காய்ச்சல், வீக்கம், காலைத் தொடவே விடாத பிள்ளை என்றுதான் நினைக்கிறோம். அது திடீரென வரும் வகை. மெதுவாக வரும் வகையும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் நோ இருக்கும். காய்ச்சல் பெரிதாக இராது. இரத்தப் பரிசோதனைகூடச் சாதாரணமாக வரலாம். பிள்ளை பள்ளிக்கும் போகும், கொஞ்சம் நொண்டும், அவ்வளவுதான். லண்டன் அறுவை மருத்துவர் பெஞ்சமின் புரோடி 1832இல் கணைக்கால் எலும்புக்குள் ஒளிந்திருக்கும் இத்தகைய சீழ்க்கட்டியை விவரித்தார். இன்றும் அது அவர் பெயரிலேயே அழைக்கப்படுகிறது.

வளரும் எலும்பின் முனைக்கு அருகே இரத்தம் மெதுவாகத்தான் ஓடும். இரத்தத்தில் கலந்த ஸ்டெஃபிலோகொக்கஸ் போன்ற கிருமிகள் அங்கே தங்குவது சுலபம். பக்கத்திலேயே எலும்பை நீளவைக்கும் வளர்ச்சித் தட்டு இருக்கிறது. அது பழுதானால் ஒரு கால் கட்டையாகவோ வளைந்தோ போகலாம். தொற்று நாட்பட்டால் எலும்பின் ஒரு பகுதியே செத்து, அதை வெட்டி அகற்ற வேண்டி வரும்.

சாதாரண வளர்ச்சி நோ பொதுவாக இரண்டு காலிலும், இரவில் வரும். விடிந்தால் பிள்ளை ஓடித் திரியும். ஒரே காலில், ஒரே இடத்தில், நாளுக்கு நாள் தொடர்கிற நோவும் பகலிலும் நொண்டுவதும் வேறு கதை. அது தொற்றாக இருக்கலாம். எலும்புக் காசநோயாக, அரிதாகப் புற்றுநோயாகக்கூட இருக்கலாம். எண்ணெய் பூசித் தடவி இதைப் பிரித்தறிய முடியாது.

நம்மிடையே உள்ள இன்னொரு பழக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஊருக்குப் போய் வரும்போது பெட்டியில் அமொக்ஸிசிலின் வருகிறது. பிள்ளைக்கு இரண்டு நாள் கொடுத்து, நோ குறைந்ததும் நிறுத்திவிடுகிறோம். அரைகுறை மருந்து கிருமியைக் கொல்லாது, அடக்கி ஒளித்துவைக்கும். பிறகு எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பதும் கஷ்டம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

பகலில் அப்பா, அம்மா வேலைக்குப் போய்விட, பிள்ளையின் நடையை முதலில் கவனிப்பது பெரும்பாலும் அம்மம்மாதான். மருத்துவரிடம் பேசும்போது அவரை ஒருவரும் கேட்பதில்லை. அவர் கண்டதை எழுதிக்கொண்டு போங்கள்: எந்த நாளில் தொடங்கியது, எந்தக் கால், எந்த நேரம். ஒவ்வொரு தடவையும் வோக்-இன் கிளினிக்கில் வேறு மருத்துவர் பார்த்தால், இது மூன்றாவது தடவை என்பது அவருக்குத் தெரியாமலே போகலாம். அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். தொற்றின் முதல் 10–14 நாளில் எக்ஸ்ரே ஒன்றும் காட்டாமல் இருக்கலாம். அதனால் “எக்ஸ்ரே நல்லா இருக்கு” என்றாலும் நொண்டுதல் நிற்காவிட்டால் திரும்பப் போங்கள். எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

காய்ச்சலோடு நொண்டினாலோ, காலை ஊன்றவே மறுத்தாலோ அன்றே போக வேண்டும். விட்பி மருத்துவமனையில் அவசரப் பிரிவு இல்லை. ஒஷாவாவுக்கோ ஏஜக்ஸுக்கோ செல்லுங்கள். சந்தேகம் என்றால் 811ஐ அழைத்துத் தாதியிடம் கேட்கலாம்.

நேரத்தோடு கண்டுபிடித்தால் பெரும்பாலான பிள்ளைகள் சில வார அன்ரிபயோட்டிக் மருந்தோடு, சிலர் ஒரு சிறு அறுவைச் சிகிச்சையோடு, முழுதாகக் குணமாகிறார்கள். அதற்கு முதலில் வீட்டில் இருக்கிற நாங்கள் அந்த நொண்டலை நோயாக எடுத்துக்கொள்ள வேண்டும்.