இசை இனிக்கிறது, இசைத்தவன் கசக்கிறானா?

"கலையிலே அரசியலைக் கலக்காதீர்!" என்று கனிவுடன் புத்தி புகட்டுகின்றனர் கலாரசிகர் சிலர். ஜாஸ் இசையைக் காதாரக் கேட்டுக் களிப்பவர்கள். களிக்கட்டும், தடுப்பார் யார்? ஆனால் தோழர்களே, அந்த இசையின் கதையையும் அவர்கள் சற்றே கேட்கவேண்டாமா?

அமெரிக்காவின் தென்பகுதியிலே நியூ ஆர்லியன்ஸ் நகரம். அங்கே அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்க மக்கள், ஞாயிறுதோறும் காங்கோ சதுக்கத்திலே கூடி முரசு கொட்டினர்; ஆடினர், பாடினர். ஆறு நாள் உழைப்பு ஆண்டைக்கு. ஏழாம் நாள் முரசு தமக்கு! அந்த மரபோடு தேவாலயப் பாட்டும், துயரப் பாட்டாம் புளூஸும், வாத்தியக் குழுக்களின் எக்காளமும் கலந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்றதே ஜாஸ். எனினும், 1917இல் முதல் ஜாஸ் இசைத்தட்டு வெளிவந்தபோது அதில் வாசித்த ஐவரும் வெள்ளையர்! உழுதவன் ஒருவன், களத்துமேட்டில் நின்றவன் வேறொருவன்.

நியூயார்க்கிலே, கறுப்பு மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியிலே, காட்டன் கிளப் என்றோர் ஆடம்பர விடுதி. 1927 முதல் அங்கே இசை பொழிந்தவர் டியூக் எலிங்டன். அவர் இனத்தார் மேடை ஏறலாம். விருந்தினராக வந்து அமர முடியாது. இது அரசியல் அல்லவாம்!

லூயி ஆம்ஸ்ட்ராங்கைப் பாருங்கள். எக்காள மன்னன், எந்நேரமும் சிரித்த முகம். வெள்ளையருக்குப் பல்லைக் காட்டிப் பிழைப்பவர் என்று சொந்த இனத்தாரே சிலர் ஏசினர். வந்தது 1957. லிட்டில் ராக் நகரிலே ஒன்பது கறுப்பு மாணவர்கள் பள்ளிக்குப் புறப்பட்டனர். ஆளுநர் ஃபாபஸ், பள்ளி வாயிலிலே படையை நிறுத்தினார். ஏடு ஏந்திய பிள்ளைகளுக்கு எதிரே துப்பாக்கி ஏந்திய படை! அந்த நேரத்திலேதான், அமெரிக்க அரசின் நல்லெண்ணத் தூதராக ஆம்ஸ்ட்ராங்கைச் சோவியத் நாட்டுக்கு அனுப்பத் திட்டம் தீட்டியிருந்தனர். வீட்டிலே விலங்கு, வெளிநாட்டிலே வெண்சாமரமா? போகமாட்டேன் என்றார். குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் துணிவற்றவர் என்று பத்திரிகையாளரிடமே சாடினார். சிரித்த வாய் சீறிற்று!

1959இல் சார்லஸ் மிங்கஸ், அந்த ஃபாபசை எள்ளி ஓர் இசைக்கோவை படைத்தார். பெரிய நிறுவனம் வெளியிட்ட தட்டிலே இசை இருந்தது. பாட்டின் சொற்கள் இல்லை. மறு ஆண்டு, சிறு நிறுவனம் ஒன்றிலே சொற்களோடு பாடிப் பதிவு செய்தார். நாக்கை அறுத்த இசையைத்தான் நம் ரசிகர்கள் 'தூய கலை' என்கிறார்கள் போலும்!

எலிங்டன் என்ன ஆனார்? 1965இல் அவருக்குச் சிறப்பு விருது தரும்படி புலிட்சர் இசை நடுவர்கள் பரிந்துரைத்தனர். மேல்குழு மறுத்தது, நடுவர் இருவர் பதவி துறந்தனர். அவருக்கு அப்போது வயது 66. 1974இல் மறைந்தார். 1999இல் விருதை அறிவித்தார்கள், கல்லறையை நோக்கி!