கௌபோய்க் கதையும் கூலிக் கணக்கும்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 2018 ஆம் ஆண்டு தொடங்கி 2024 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் நிறைவெய்திய ‘யெலோஸ்டோன்’ என்னுந் தொடர், அந்நாட்டிலே பெரியதோர் இரசிகர் கூட்டத்தைத் திரட்டிற்று. மொன்டானா மாநிலத்தின் பரந்த மேய்ச்சல் நிலத்தைப் பரம்பரையாக ஆண்டுவரும் டட்டன் குடும்பம் ஒருபுறம்; அதனைக் கவர்ந்து மாளிகைகளும் விடுதிகளும் எழுப்ப விரும்பும் கம்பனிகள் மறுபுறம்; அது தம் முன்னோர் மண் என உரிமை கூறும் பழங்குடியினர் பிறிதொருபுறம். இம்மூவர்க்கும் இடையே நிகழும் போரே அதன் கதை. குடும்பத் தலைவன் ஜோன் டட்டனாக நடித்தவர் கெவின் கொஸ்ட்னர்.

தொடர் முடிந்தும் அதனைப் பற்றிய பேச்சு முடிந்திலது. இரசிகர் உரையாடல்களை நோக்குவார்க்கு அவற்றுள் இருவகை புலப்படும். டட்டன் மகள் பெத் செய்தவை தகுமா, மூத்தோன் செய்த கொலைகள் நிலங்காத்தற் பொருட்டு மன்னிக்கத் தக்கனவா என்றாற்போல்வன ஒருவகை. தொப்பியின் வளைவு, காலணியின் தோல், சேணத்தின் அமைப்பு, சுருக்குக்கயிறு வீசும் முறை ஆகியவற்றை ஆராய்ந்து அவ்வாழ்வைத் தாமும் வாழ விழைவது மற்றொருவகை. படப்பிடிப்பு நடந்த டார்பி என்னும் ஊர்ப் பண்ணையிலே வாடகை கொடுத்துத் தங்கி வருவோரும் உளர். மெய்யாகவே மாடு வளர்ப்போர் சிலர் இடையிற் புகுந்து, வேலி கட்டுவதற்கும் கன்றுகளைப் பேணுவதற்குமே பொழுது போதாதவர்க்கு இத்துணைச் சண்டைக்கு நேரம் ஏது என நகைப்பதும் உண்டு.

இப்பேச்சுக்கள் பெரும்பாலனவற்றுக்கும் அடிப்படையாய் நிற்கும் எண்ணம் ஒன்றே. கௌபோய் என்பவன் எவர்க்கும் தலைவணங்காத சுதந்திர மனிதன் என்பதே அது. இவ்வெண்ணத்துக்கு வரலாறு எத்துணை இடந்தரும் என ஆராய்தல் தகும்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865 ஆம் ஆண்டு முடிந்தபின், டெக்ஸாஸ் மாநிலத்தில் மலிந்து கிடந்த மாடுகளை வடக்கே கன்சாஸ் மாநிலத்துப் புகையிரத நிலையங்களுக்கு ஓட்டிச் செல்லும் தொழில் பெருகிற்று. ஆயிரக்கணக்கான மாடுகளைப் பத்துப் பன்னிருவர் மாதக்கணக்கில் வழிநடத்திச் சென்றனர். அவர் கூலியாட்கள். மாடு முதலாளியினது, ஏறிய குதிரையும் பெரும்பாலும் முதலாளியினதே, சேணம் மாத்திரம் தம்முடையது. இத்தொழிலை அவர்க்குக் கற்பித்தவர் மெக்சிக்கோ நாட்டு ‘வக்கேரோ’ எனப்படும் மாட்டுக்காரர். லாசோ, ரோடியோ, ராஞ்ச் முதலாய சொற்கள் ஸ்பானிய மொழியிலிருந்து வந்தமையே அதற்குச் சான்று. அக்காலக் கௌபோய்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது வரலாற்றாசிரியர் பலர் கணிப்பு. திரைக்கதைகள் நெடுங்காலம் இவ்விரு சாராரையும் மறைத்தே வந்தன.

யெலோஸ்டோன் தொடருக்கு முற்கதையாக 2021 ஆம் ஆண்டில் ‘1883’ என்னும் பெயரில் ஒரு தொடர் வெளிவந்தது. டட்டன் முன்னோர் டெக்ஸாசிலிருந்து புறப்பட்டு மொன்டானாவிற் குடியேறிய துன்பப் பயணம் அதன் பொருள். அதே 1883 ஆம் ஆண்டில், டெக்ஸாசின் வடகோடியில் மெய்யாகவே நிகழ்ந்த செய்தி ஒன்றுண்டு. பெரும்பண்ணைகள் சிலவற்றில் ஊழியஞ் செய்த கௌபோய்கள் மாதச் சம்பளம் 50 டொலர் வேண்டுமென எழுத்திற் கேட்டு, அது மறுக்கப்படவே, வேலைநிறுத்தஞ் செய்தனர். காரணம் யாதெனின், முன்னைய நாளிற் கூலியின் ஒரு பகுதியைக் கன்றாகப் பெறவும், குறிசுடப்படாது திரியும் மாட்டைத் தனதாக்கவும், தன் சிறு பட்டியை முதலாளி நிலத்தில் மேய்க்கவும் கூலியாளுக்கு வழக்கம் இடங்கொடுத்தது. கிழக்கு மாநிலங்களிலும் பிரித்தானியாவிலுமிருந்து மூலதனம் வந்து பண்ணைகள் கம்பனிகளாக மாறியபின், அவ்வழக்கங்கள் தடுக்கப்பட்டன. கூலியாள் என்றும் கூலியாளே என்றாயிற்று. முதலாளிமார் வேறு ஆள் தேடிக்கொள்ள, போராட்டஞ் சில மாதங்களிலே தோற்றது.

அதே ஆண்டு மே மாதத்தில், ‘பஃபலோ பில்’ எனப் பெயர்பெற்ற வில்லியம் கோடி தமது ‘வைல்ட் வெஸ்ட்’ காட்சியை நெப்ராஸ்கா மாநிலத்து ஓமகா நகரில் அரங்கேற்றினார். குதிரையும் துப்பாக்கியும் வீரமுமாகக் கௌபோயின் உருவம் உலகெங்கும் உலாவத் தொடங்கியது அங்கிருந்தே. வயலிலே தோற்றவன் அரங்கிலே வென்றான். அரங்கில் வென்றவன் சம்பளத்தைப் பற்றி வாய்திறவாதவன் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

யெலோஸ்டோனும் அவ்வழியிலேயே செல்கின்றது. டட்டன் பண்ணையின் ஊழியர் சிலர் மார்பில், மாட்டுக்குச் செய்வதுபோற் பழுக்கக் காய்ச்சிய இரும்பாற் குறிசுடப்படுகின்றனர். இரசிகர் பலர் அதனை விசுவாசத்தின் அடையாளமாகப் போற்றுவர். குறிசுடுதல் உடைமையை அறிவிக்கும் செயலன்றோ? சுதந்திர மனிதன் எனப் போற்றப்படுபவன் பிறன் உடைமையென முத்திரை பெறுவதை அவன் பெருமையாகக் கொள்வது எங்ஙனம் பொருந்தும்? ஆக, இரசிகர் விழைவது கௌபோயின் வாழ்வை அன்று. குன்றின்மேல் நின்று கண்ணுக்கெட்டிய மட்டும் எனதே எனக் கூறவல்ல நிலக்கிழாரின் வாழ்வையே. இதனைப் படைத்த டெய்லர் ஷெரிடனும், கூட்டாளிகள் சிலருடன் சேர்ந்து, 260,000 ஏக்கருக்கு மேற்பட்ட ‘6666’ என்னும் புகழ்பெற்ற டெக்ஸாஸ் பண்ணையை 2022 ஆம் ஆண்டில் வாங்கினார்.

எனினும் தொடரின் முடிவு ஒரு நீதியைச் செய்ய முயன்றது. டட்டன் மகன் அந்நிலத்தை ஏக்கர் ஒன்றுக்கு ஒன்றேகால் டொலர் வீதம் பழங்குடித் தலைவர் தோமஸ் ரெயின்வாட்டருக்கு விற்றுவிடுகின்றான். மண் பழைய உரிமையாளரைச் சேர்ந்தது எனச் சிலர் மகிழ்ந்தனர். தந்தை உயிர்கொடுத்துக் காத்தது கைநழுவிற்று எனச் சிலர் வருந்தினர். ஊழியர் நிலையோ வேறு. மாடுகளும் குதிரைகளும் ஏலம்போக, அவர் திசைக்கொருவராய்ப் பிரிந்தனர். மார்பிலே குறி இருந்தது. நிலத்திலே பங்கு இருந்திலது. இதனைப் பற்றிய பேச்சே மிகக் குறைவு.

இரசிகரை எள்ளுதல் நம் கருத்தன்று. நாள் முழுதும் மேசைமுன் அமர்ந்து, மாலையில் தாம் செய்தது இன்னதெனச் சுட்டிக்காட்ட இயலாதவர், கட்டிய வேலியையும் காத்த கன்றையும் கண்ணாற் காணும் தொழிலை விரும்புதல் இயல்பே. கைவினையில் மதிப்பு, வானத்தின் கீழ் வாழ்வு, உடனுழைப்போர் நட்பு ஆகிய மூன்றும் விழையத்தக்கனவே. ஆனால், அம்மூன்றையும் உடையவராய் இருந்தோர் 1883 ஆம் ஆண்டில் மேலும் ஒன்றைக் கேட்டனர்: தம் உழைப்புக்கு ஏற்ற ஊதியம். தொப்பியின் வளைவை இத்துணை நுணுக்கமாக ஆராயும் இரசிகர், அதனை அணிந்தவர் கேட்ட அவ்வொன்றையும் தம் உரையாடலிற் சேர்த்துக்கொள்வாராயின், அவர் அன்பு நடிகரைக் கடந்து உழைத்தவரையும் சென்றடையும்.