மிளகுப் பணம் வரும் நாளில்

கொல்லிமலையின் பதினான்கு நாட்டு உறவுகளுக்கும் சிங்கப்பூரிலிருந்து வணக்கம்.

சம்பளக்காரர்களுக்குச் சொல்லப்படும் சேமிப்பு யோசனைகள் எல்லாம் முதல் தேதியில் தொடங்குகின்றன. நமக்கு முதல் தேதி கிடையாது. காப்பிப் பணம் மார்கழியை ஒட்டி வரும், மிளகு தை மாசியில், பலா வைகாசி ஆனியில். மரவள்ளிக்குப் பத்து மாதமாவது காத்திருக்க வேண்டும். வரவு மொத்தமாக வருகிறது, செலவோ ஆண்டு முழுக்க நடக்கிறது. இந்த இடைவெளியை முன்பு சாமையும் கேழ்வரகும் அடைத்தன. அறுத்தது வீட்டிலேயே இருந்தது. ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி இறங்கத் தொடங்கியபின் சிறுதானியப் பரப்பு சுருங்கிய கதையை, நம் மலையில் பல ஆண்டுகள் வேலை செய்த எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பதிவு செய்திருக்கிறது. பணப்பயிருக்கு மாறியதை நான் குறை சொல்லவில்லை. சாமை போனபோது வீட்டுக் கையிருப்பும் சேர்ந்தே போனது, அதற்கு ஈடாகப் பணக் கையிருப்பு உருவாகவில்லை என்பதே என் கவலை. அந்தக் காலி இடத்தில்தான் வியாபாரியின் அட்வான்ஸ் வந்து உட்கார்ந்தது.

அட்வான்ஸில் வட்டி என்ற பேச்சே எழாது, அதனால் அது கடனாகவே தோன்றுவதில்லை. ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஆடியில் 20,000 ரூபாய் வாங்கி, தையில் கிலோ 500 வீதம் 40 கிலோ மிளகு கொடுப்பதாக ஒப்புக்கொள்கிறோம். தையில் சந்தை விலை 600 என்றால் விட்டது 4,000 ரூபாய். ஆறு மாதத்தில் நூற்றுக்கு 20, ஆண்டுக்கு 40. ஊரே பயப்படும் மாதம் மூன்று வட்டிகூட ஆண்டுக்கு 36தான். கிசான் கடன் அட்டையில் அதே தொகைக்கு 7 சதவீத வட்டி என்றால் ஆறு மாதத்துக்கு 700 ரூபாய்; தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதமாகக் குறையும். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனை உரிய நாளில் கட்டுவோருக்குத் தமிழ்நாட்டில் வட்டியே இல்லை.

“ராத்திரி பிரசவ வலி வந்தால் பேங்க் திறக்குமா, வியாபாரிதானே கொடுக்கிறார்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கூட்டுப் பட்டாவில் நிலம் இருப்பவருக்குக் கடன் அட்டை எளிதில் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. அதனால்தான் கடனைவிடக் கையிருப்பை முதலில் சொல்கிறேன். எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ ஆஸ்பத்திரி போய்வரும் செலவு ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்த தொகை. மிளகுப் பணம் வந்த அன்றே, வேறு எதற்கும் கை வைக்கும் முன், அந்தத் தொகையைத் தபால் நிலையத்திலோ பேங்கிலோ தனிக் கணக்கில் போடுங்கள். அவசரத்துக்குக் கொஞ்சம் வீட்டிலும் மகளிர் குழுவிலும் இருக்கட்டும். மிஞ்சியதைச் சேமிக்கலாம் என்றால் எந்த வீட்டிலும் மிஞ்சாது. சிங்கப்பூரில் குடிமக்களின் சேமநிதி 1955 முதல் சம்பளம் கைக்கு வரும் முன்பே பிடிக்கப்படுகிறது. இங்கே சட்டம் செய்வதை நம் மலையில் நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

“குறைந்த வருமானத்தில் எதை ஒதுக்குவது?” என்பாருக்கு: ஒரே ஆண்டில் முழுத் தொகையும் சேர வேண்டியதில்லை. முதல் ஆண்டு 5,000 சேர்ந்தாலும் அட்வான்ஸ் அந்த அளவுக்குக் குறையும், பத்துக் கிலோ மிளகு சந்தை விலைக்குப் போகும். அடுத்த ஆண்டு ஒதுக்க வேண்டியதில் ஒரு பகுதி அந்த வித்தியாசத்திலிருந்தே வரும். இன்னொன்று: சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து மிளகு பறிக்கும் வீட்டில் விபத்துக் காப்பீடு இல்லாமல் இருக்கக் கூடாது. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய்க்கு 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பு உண்டு. ஒப்புதல் எழுதிக் கொடுத்தவர்களின் கணக்கிலிருந்து மே மாதக் கடைசியில் அந்தப் பணம் எடுக்கப்படும். கணக்கு காலியாக இருந்தால் காப்பு நின்றுவிடும்.

வெளியூர் வந்துவிட்ட நமக்கும் இதில் வேலை இருக்கிறது. திருப்பூரிலோ துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்கள் திருவிழாவுக்கும் வீட்டுக் கூரைக்கும் மொத்தமாக அனுப்புகிறோம். அதில் ஒரு பகுதியை ஆடி முதல் கார்த்திகை வரை மாதாமாதம் அனுப்பினால், அட்வான்ஸ் கேட்டு யாரும் சோளக்காட்டுச் சந்தைக்குப் போக வேண்டியிருக்காது. அந்த மாதங்களுக்கு எவ்வளவு தேவைப்படும் என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டு, இந்த ஆடிக்குள் எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள்.