அக்கிக்கு முதல் மூன்று நாள்

உடலின் ஒரு பக்கத்தில் எரிச்சலுடன் கொப்புளங்கள் எழுந்தால், காவியால் அக்கி எழுதிக்கொள்வது நம் ஊர்களின் பழைய வழக்கம். அந்நம்பிக்கையை நாங்கள் இகழவில்லை. அதில் கழியும் நாள்களுக்கே வருந்துகிறோம். அசைக்ளோவிர் மாத்திரையைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்திற்குள் தொடங்குவதே பெரும்பயன் தரும். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 800 மில்லிகிராம், நாளொன்றுக்கு 5 வேளை, 7 நாள். கொப்புளம் காய்ந்ததென்று இடையில் நிறுத்தலாகாது. இம்மருந்து சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால் போதிய நீர் பருக வேண்டும். சிறுநீரக நோயுள்ளோர் அதனை முன்னரே கூறுக. அளவைக் குறைத்துத் தருவோம். பிறருக்கு எழுதிய சீட்டைக் கொண்டு மருந்து வாங்காதீர்கள். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் கண்டால், பார்வையைக் காக்க அன்றே வருக. எதையும் பூசுமுன் மருத்துவரிடம் காட்டுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.